திங்கட்கிழமை மேட்னி

நியூயார்க், 47ஆம் தெரு

பேலஸ் தியேட்டர் இப்போது தரையில் இல்லை. 1913-ல் கட்டிய அந்த அரங்கை, சுதை வேலைப்பாடுகளோடும் மாடங்களோடும் அப்படியே 30 அடி மேலே தூக்கிவிட்டார்கள். கீழே கடைகள் வருவதற்காக 2022-ல் நடந்த வேலை இது. எங்கள் ஊர்ப்பக்கம் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால் ஜாக்கி வைத்து மூன்றடி, நான்கடி தூக்குவார்கள். தெருவே கூடி நின்று பார்க்கும். இங்கே ஒரு நாடகக் கொட்டகையையே தூக்கி, அதைச் சுற்றிப் புதுக் கட்டடம் எழுப்பி, வாசலை 47ஆம் தெருப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரத் திரைகள் பகலிலேயே கண்ணைக் கூசவைத்தன. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல பாருங்கப்பா" என்றாள். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நடைபாதைக்கு ஒரு காலத்தில் ‘பீச்’ என்று பெயர். வேலையில்லாத வோட்வில் கலைஞர்கள் இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, ஏஜெண்டு யாராவது கண்ணில் படுவாரா என்று அங்கே நின்றிருப்பார்கள். உள்ளே ஆடியவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

வோட்வில் என்றால் கதை இல்லாத மேடை. ஒரே டிக்கெட்டில் எட்டு, ஒன்பது ஐட்டம். கழைக்கூத்து, நாய் வித்தை, பாட்டு, மாயாஜாலம், அரைமணிக்குள் முடியும் குட்டி நாடகம், சிரிப்புக்காரர் ஒருவர். 1880-கள் முதல் 1930-களின் தொடக்கம்வரை அமெரிக்கச் சிற்றூர்களில்கூட இதுதான் மாலைப்பொழுது. திங்கட்கிழமை ஓர் ஊரில் வந்து இறங்குவார்கள். வாரம் முடிந்ததும் அடுத்த ஊருக்கு ரயில். ஒரே மேடையில் ஆடுகிறவர்கள் அன்று காலையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவன் நான். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் விடியவிடிய வள்ளி திருமணம் நடத்திக் கொடுப்பதைப் பார்த்தவனுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை.

பேலஸுக்கு நிரல் போட்டவர் ஜார்ஜ் காட்லீப். ஒன்பது ஐட்டங்களை அடுக்கும் விதத்தை அவர் விளக்கியது, பிரெட் பேஜ் 1915-ல் வெளியிட்ட வோட்வில் எழுத்துக் கையேட்டில் இருக்கிறது. முதலில் வாய் திறக்காத ஐட்டம்: கழைக்கூத்தோ விலங்கு வித்தையோ. தாமதமாக வருகிறவர்கள் நாற்காலியைத் தேடித் தடதடவென்று நடப்பார்கள்; அப்போது பேச்சும் பாட்டும் வீண். இரண்டாவதாக ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது. மூன்றாவதில் சபை நிமிர்ந்து உட்கார வேண்டும். நான்காவதில் முதல் பலமான அடி. ஐந்தாவதாக ஒரு பெரிய பெயர். இடைவேளை முழுக்க ஜனங்கள் அதையே பேச வேண்டும். ஆறாவது இடம் எல்லாவற்றிலும் கடினம். வெளியே போனவர்களை மறுபடி கட்டி உட்காரவைக்க வேண்டும், பின்னால் வருவதைவிட உசத்தியாகவும் இருந்துவிடக் கூடாது. ஏழாவது முழு மேடையை எடுத்துக்கொள்ளும் நாடகம். எட்டாவது, கடைசிக்கு முந்தைய இடம்: சபை எதற்காக டிக்கெட் வாங்கியதோ அந்த ஆள். ஒன்பதாவதாகக் கண்ணுக்கு விருந்தாக ஏதேனும் ஒன்று; பாதிப்பேர் அதற்குள் எழுந்துவிடுவார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா கேண்டீனுக்கு நடக்கும் கூட்டத்தைப் பார்த்த எவருக்கும் அந்த ஒன்பதாவது கலைஞரின் வயிற்றெரிச்சல் புரியும்.

ஆகவே நிரலில் எத்தனையாவது இடம் என்பதே ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட நேரம் திங்கட்கிழமை மேட்னி. பேலஸில் அன்றைய பகல் காட்சிக்குச் சக கலைஞர்களும் ஏஜெண்டுகளும் நிரல் போடுகிறவர்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து உட்காருவார்கள். எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்ட சபை அது. மேட்னி முடிந்ததும் வரிசை மாறும். நான்காவதில் ஆடியவர் இரவுக் காட்சியில் இரண்டாவதாக நிற்பார். பேலஸேகூட முதல் வாரங்களில் தேறவில்லை. 1913 மே மாதம் பிரான்சிலிருந்து சாரா பெர்ன்ஹார்ட் வந்து நடித்த பிறகுதான் அதன் பெயர் நிலைத்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கலைப் போட்டிகளுக்கு நடுவராக அழைப்பார்கள், போவேன். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கரகம் ஆடியது. மூன்றாம் பரிசுகூடக் கிடைக்கவில்லை. கலைந்துபோகும் நேரத்தில், நெற்றியில் வியர்வை காயாமல் வந்து, "எதுல சார் கொறஞ்சுது?" என்று கேட்டது. என் கையில் இருந்த தாளில் வெறும் எண்கள். "நல்லாத்தாம்மா பண்ணினே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அது பொய். அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஹார்லெம், 125ஆம் தெரு

புதன்கிழமை மாலை அப்பல்லோ தியேட்டருக்குப் போனோம். போகும் வழியில் சாப்பாடு: வறுத்த கோழி, சோள ரொட்டி, காலர்ட் என்னும் தடித்த இலைக் கீரை. நெடுநேரம் வேகவைத்துக் கொஞ்சம் புளிப்புக் காட்டியிருந்த அந்தக் கீரையை வாயில் வைத்ததும் மகள், "அம்மா செய்யற புளிச்சக்கீரை மாதிரியே இருக்குல்ல?" என்றாள். அவ்வளவு காரம் இல்லை. ஆனாலும் கீரையை மதித்துச் சமைக்கத் தெரிந்த கை என்பது தெரிந்தது.

அப்பல்லோவில் 1934 முதல் புதுமுகங்களின் இரவு நடக்கிறது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த ஆண்டு நவம்பரில் இதே மேடையில் ஆட வந்து, கடைசி நிமிடத்தில் பாட முடிவுசெய்து பரிசு வாங்கினார். மேடையோரத்தில் ஒரு மரத்துண்டு இருக்கிறது. பழைய லஃபாயெட் தியேட்டர் வாசலில் நின்ற ‘நம்பிக்கை மரத்தின்’ மிச்சம். போட்டியாளர்கள் அதைத் தடவிவிட்டுத்தான் நடுமேடைக்கு வருவார்கள். எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று அதன் பளபளப்பே சொன்னது.

இங்கே நடுவர்கள் கிடையாது. சபைதான் நடுவர். பிடித்தால் கைதட்டு, பிடிக்காவிட்டால் ‘பூ’ என்ற கூச்சல். கூச்சல் முற்றினால் ஒருவர் ஆடிக்கொண்டே வந்து போட்டியாளரை மேடையைவிட்டு விரட்டிவிடுவார். ஸாண்ட்மேன் சிம்ஸ் என்னும் டேப் நடனக்காரர் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். நியூயார்க்கின் பழைய பவரி வீதிக் கொட்டகைகளில் இதற்கு நீளக் கொக்கி ஒன்று வைத்திருந்தார்கள். பாடிக்கொண்டிருப்பவரின் இடுப்பில் மாட்டி உள்ளே இழுத்துவிடுவார்கள். அங்கே பிறந்த கொடுமைக்கு இங்கே ஆட்டமும் சேர்ந்துகொண்டது.

பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, தலையில் ஊதா நிறத் தொப்பி. சின்ன வயதிலிருந்தே வருகிறவராம். ஓர் இளைஞர் பாட ஆரம்பித்து இரண்டாவது வரியில் சுருதி விலகியதும் பாட்டி எழுந்து நின்று கூவினார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "உங்களுக்கு அவன் பாட்டுப் பிடித்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் சும்மா இருக்கிறீர்கள்? அவன் உங்களிடம்தானே கேட்கிறான்?" என்றார்.

அடுத்து வந்தது பத்து வயதுப் பையன். பாட்டி என் முழங்கையைத் தொட்டு, பிள்ளைகளுக்கு மட்டும் கூச்சல் கிடையாது, அது இந்த வீட்டு வழக்கம் என்றார். பையன் சுமாராகத்தான் ஆடினான். பாட்டி கைதட்டிய சத்தம் என் காதை அடைத்தது.

அந்தச் சபையை எனக்குப் பிடித்திருந்தது. இரக்கம் குறைவு, அவசரம் அதிகம். ஆனால் எல்லாம் முகத்துக்கு நேரே. தோற்றவனுக்கு எந்த வரியில் தோற்றோம் என்பது அந்த நொடியே தெரிந்துவிடுகிறது.

பாஸ்டன், வாஷிங்டன் தெரு

அக்டோபர் மாதப் பாஸ்டன் முழுக்க இலை நிறம் மாறிக் கிடந்தது. பூங்காவைக் கடந்து வாஷிங்டன் தெருவுக்கு வந்தால் ஆப்பரா ஹவுஸ். பளிங்குத் தூண், தங்கப் பூச்சு, தொங்கு விளக்கு. செட்டிநாட்டு வளவு ஒன்றைப் பத்து மடங்கு பெருக்கினாற்போல் முன்மண்டபம். இதைக் கட்டியவர் எட்வர்ட் ஆல்பி. 1914-ல் இறந்த தம் முதலாளி, வோட்வில் அரங்குகளின் உரிமையாளர் பி. எஃப். கீத்தின் நினைவாக 1928 அக்டோபரில் திறந்தார். அதே மாதத்தில்தான் கீத்தின் கம்பெனி ரேடியோக்காரர்களோடு சேர்ந்து ஆர்.கே.ஓ. என்னும் சினிமாக் கம்பெனியானது. அந்த மூன்றெழுத்தின் நடுவில் நிற்பது கீத்தின் முதலெழுத்து. வோட்வில் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதற்குக் கட்டிய கோயில் இது. 2004-ல் புதுப்பித்திருக்கிறார்கள், இப்போது பாலே நடக்கிறது.

கீத் 1883-ல் இதே தெருவில் 10 சென்ட் வாங்கிக்கொண்டு வினோதங்களைக் காட்டும் கடை ஒன்றைத்தான் தொடங்கினார். குறைமாதத்தில் பிறந்த ஒரு கைக்குழந்தையைக் காட்சிக்கு வைத்திருந்தார். இரண்டு வருடத்தில் இடைவிடாத காட்சி என்ற முறைக்கு வந்தார்: காலையில் திறந்த கதவு இரவில்தான் மூடும், எப்போது உள்ளே போனாலும் மேடையில் யாரோ ஆடிக்கொண்டிருப்பார்கள். குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் தயக்கமில்லாமல் வர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதற்காகச் சபையையே பழக்கினார். காலால் தரையைத் தட்டாதீர்கள், கைத்தடியால் இடிக்காதீர்கள், பாராட்ட வேண்டுமென்றால் கையைத் தட்டுங்கள் என்று அட்டை அச்சிட்டு மேல்மாடத்தில் கொடுத்தார்கள். கலைஞர்களுக்குத் திரைக்குப் பின்னால் தனி அறிவிப்பு. இன்றைக்கு யாரும் வசவு என்றே நினைக்காத சொற்கள்கூட அந்தத் தடைப்பட்டியலில் இருந்தன. மீறினால் வேலை போகும். வெட்ட வேண்டிய வரிகளை மேனேஜர் நீல நிற உறையில் வைத்து அனுப்புவார் என்று அந்தக் காலத்துக் கலைஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. 1900-ல் ‘வெள்ளை எலிகள்’ என்ற பெயரில் சங்கம் அமைத்து, முதலாளிகள் கூட்டாக எடுத்த 5 சதவீதக் கமிஷனை எதிர்த்து மறு ஆண்டே வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1906-ல் யுனைடெட் புக்கிங் ஆபீஸ் வந்ததும் கிழக்குப் பக்கத்துப் பெரிய அரங்குகளுக்கான வாசல் ஒரே கைக்குள் போய்விட்டது. 1916, 17-ல் மறுபடி நிறுத்தினார்கள், தோற்றார்கள். ஆல்பி முதலாளி ஆதரவுச் சங்கம் ஒன்றைத் தாமே அமைத்து, எதிர்த்தவர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்தார்.

முன்மண்டபத்தில் சீருடையில் நின்ற வயதான பணியாளர் ஒருவர் நான் சுவர்களைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்து அருகில் வந்தார். வோட்வில் பற்றிக் கேட்டேன். தம் தாத்தா தட்டுகளைச் சுழற்றும் வித்தைக்காரர் என்றார். எப்போதும் முதல் ஐட்டம். "ஜனங்கள் கோட்டைக் கழற்றி மடியில் வைப்பதைத்தான் தாத்தா வாழ்நாள் முழுக்கப் பார்த்தார்" என்றார். இரண்டாவது இடத்துக்கு ஏன் போக முடியவில்லை என்று தாத்தாவிடம் யாரும் சொல்லவில்லையாம்.

அன்று இரவு கிளாம் சவுடர் குடித்தோம். பாலும் உருளைக்கிழங்கும் சிப்பியும் கலந்த கெட்டிக் கஞ்சி. குளிருக்கு இதமாக இருந்தது, நாலு மிளகைத் தட்டிப் போட்டிருந்தால் இன்னும் இறங்கியிருக்கும்.

பிராவிடன்ஸ்

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். இங்கே கீத் அரங்கின் மேனேஜராக இருந்தவர் சார்லஸ் லவன்பர்க். ஒவ்வொரு வாரமும் தம் மேடையில் ஆடியவர்களைப் பற்றி எழுதி அனுப்பியவர். கடைத்தெருவில் இரண்டு மூன்று பேரிடம் அரங்கு எங்கே இருந்தது என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஓட்டல்காரப் பெண்மணி மட்டும், பதில் இல்லாத குறையைத் தீர்ப்பதுபோல், ஆளுக்கொரு தம்ளர் காபிப் பால் கொண்டுவந்து வைத்தார். குளிர்ந்த பாலில் காபிப் பாகு கலந்தது. இந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பானமாம். டிகாக்‌ஷன் வாசனைக்குப் பழகிய நாக்குக்கு அது மிட்டாய்தான்.

அயோவா சிட்டி

பிராவிடன்ஸில் தேடியதன் தடயம் அயோவாவில் இருந்தது. கீத்–ஆல்பி அரங்குகளின் காகிதங்கள் கடற்கரையோர நகரங்களைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, அயோவாப் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில் சேர்ந்திருக்கின்றன.

ஊருக்குள் நுழையும்வரை இரண்டு பக்கமும் சோளம். அறுவடைக் காலம். காய்ந்து பழுப்பேறிய தட்டைகளை ராட்சத இயந்திரங்கள் விழுங்கிக்கொண்டே போகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள் இல்லை. எங்கள் ஊரில் சோளக்கதிர் அறுப்பு என்றால் இருபது பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்கும். இந்த அமைதி எனக்குப் பழகவே இல்லை. மதியம் சாலையோரக் கடையில் பன்றி இறைச்சியைத் தட்டித் தகடாக்கிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். ரொட்டியைவிட மூன்று மடங்கு பெரிய இறைச்சி. பக்கத்து மேஜை விவசாயி நான் அதை எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்று திகைப்பதைப் பார்த்து, ஓரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே நடுவுக்கு வர வேண்டும் என்று செய்து காட்டினார்.

நூலகம் அயோவா ஆற்றங்கரையில் இருக்கிறது. 2008 ஜூன் மாத வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்தபோது, அடித்தளத்தில் இருந்தவற்றை மாணவர்களும் ஊர்க்காரர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மூன்றாம் தளத்தில், பென்சிலை மட்டும் அனுமதிக்கும் அமைதியான அறையில், காப்பாளப் பெண்மணி பெரிய ஏடு ஒன்றைக் கொண்டுவந்து பஞ்சுத் திண்டில் சாய்த்து வைத்தார். மேனேஜர்களின் அறிக்கைகள். 1902-ல் தொடங்கி 1923 வரை போகின்றன.

இவைதான் நான் தேடி வந்த தீர்ப்புகள். திங்கட்கிழமை முதல் காட்சியை மேனேஜர் உட்கார்ந்து பார்ப்பார். பார்த்ததைத் தட்டச்சு செய்து தலைமையகத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து மற்ற ஊர் மேனேஜர்களுக்குப் போகும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் சில வரிகள். பெயர். எத்தனை நிமிடம். எவ்வளவு மேடை: முன்படுதாவுக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய இடமா, முழு மேடையா. இது முக்கியம், முன்னால் ஒருவர் நின்று பாடும் நேரத்தில்தான் படுதாவுக்குப் பின்னால் அடுத்த ஐட்டத்தின் சாமான்களை அடுக்க முடியும். பிறகு சபை எப்படி எடுத்துக்கொண்டது, எந்த வரியை வெட்டச் சொன்னேன், கொடுக்கும் பணத்துக்கு இது தகுமா என்பவை.

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். அவர்கள் எல்லாம் ஒரே மாதிரியான ஆட்கள் இல்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே புலப்பட்டது. சிலருக்கு எல்லாம் ‘நன்று’, ‘சுமார்’, ‘மோசம்’. சிலர் தங்களுக்குப் பிடிக்காததையெல்லாம் சபைக்கும் பிடிக்கவில்லை என்று எழுதிவிடுகிறவர்கள். வேறு சிலர் இரண்டையும் பிரித்து எழுதினார்கள்: எனக்கு இது மட்டமாகத்தான் பட்டது, மேல்மாடம் சிரித்துத் தீர்த்தது, கீழே பெண்கள் பகுதி அமைதியாக இருந்தது என்ற வகையில். ஒரு நகரத்தில் முதல் ஐட்டமாகக்கூடத் தேறாதவர்கள் இன்னொரு நகரத்தில் கடைசிக்கு முந்தைய இடத்தைப் பிடிப்பதை ஏட்டைப் புரட்டப் புரட்டப் பார்க்கலாம். ஒரே பன்னிரண்டு நிமிடம், ஒரே பாட்டு. மாறியது பார்த்த கண்.

படிக்கவே கூசும் பக்கங்களும் இருக்கின்றன. முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களை எள்ளி நகையாடுவது அன்று ஒரு சாதாரண ஐட்டம். யூதர், ஐரிஷ்காரர், இத்தாலியர், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ‘சுத்தமான பொழுதுபோக்கு’ என்று ஒரு சின்ன வசவுக்காக வரியை வெட்டிய அதே பேனா, அந்தக் கேலியை நல்ல நகைச்சுவை என்று பாராட்டிவிட்டுப் போகிறது. தாம் அளக்கும் கோல் கோணலாக இருக்கிறதா என்று அந்த மேனேஜர்கள் பார்க்கவே இல்லை. நான் பார்த்திருக்கிறேனா? பறையாட்டத்துக்கு எவ்வளவு, பரதத்துக்கு எவ்வளவு என்று என் கை தானாகப் போட்ட எண்கள் நினைவுக்கு வந்தன. உடன் அமர்ந்த நடுவர்களோடு அதை ஒருநாளும் பேசியதில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் காப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்த அறிக்கைகள் அந்தந்தக் கலைஞருக்குக் காட்டப்பட்டனவா? இவை மேனேஜர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை, ஆடியவர் கைக்குப் போனவை அல்ல என்றார் அவர். வெட்ட வேண்டிய வரி மட்டும் கலைஞருக்குப் போகும். மற்றது அவருக்கு முன்பாகவே ரயிலேறி அடுத்த ஊருக்குப் போய்விடும். போய் இறங்கும் இடத்தில் சம்பளம் குறைந்திருக்கும், இல்லையென்றால் இடம் கீழே இறங்கியிருக்கும். ஏன் என்று தெரியாது. தட்டுச் சுழற்றிய அந்தத் தாத்தாவைப் பற்றியும் இப்படி எங்கோ நாலு வரி இருக்கக்கூடும்.

பத்திரிகைக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மேல். 1905 டிசம்பரில் சைம் சில்வர்மன் தொடங்கிய ‘வெரைட்டி’ வார இதழில் புதிய ஐட்டங்களுக்கென்றே பகுதி இருந்தது. கடுமையாக எழுதுவார்கள். ஆனால் ஐந்து சென்ட் கொடுத்தால் ஆடியவரும் வாங்கிப் படிக்கலாம்; மறுக்கலாம்; திட்டலாம்; திருத்திக்கொள்ளலாம்.

மாரியன்

கடைசி நிறுத்தம் அயோவா சிட்டிக்கு வடக்கே, சீடர் ராப்பிட்ஸை ஒட்டிய மாரியன். சிறிய ஊர், நடுவே சதுக்கப் பூங்கா, செங்கல் கடைகள். செர்ரி சகோதரிகளின் ஊர் இது.

அமெரிக்க மேடையிலேயே மிக மோசமான ஐட்டம் என்று பெயர் வாங்கியவர்கள் அந்த ஐந்து பேர். பெற்றோரை இழந்த பண்ணைப் பெண்கள். 1893-ல் தாங்களே பாட்டும் நாடகமும் எழுதி இந்த ஊரில் மேடையேறினார்கள். அக்கம்பக்கத்தார் பொறுமையாகக் கேட்டார்கள். சீடர் ராப்பிட்ஸுக்குப் போனபோது உள்ளூர்ப் பத்திரிகை கிழித்துவிட்டது. பெண்கள் வழக்குப் போட்டார்கள். ஊர் அதையும் வேடிக்கையாக்கியது: நாடகக் கொட்டகை மேடையிலேயே போலி நீதிமன்றம் வைத்து விசாரணை நடத்தினார்கள். எழுதியவர் குற்றவாளி, சகோதரிகளில் ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற வகையில் தீர்ப்பு. டிக்கெட் விற்றது. 1896-ல் அரங்க முதலாளி ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் நியூயார்க்குக்கு அழைத்தார். நல்ல ஐட்டங்களைக் கொண்டுவந்து நஷ்டப்பட்டவர், மோசமானதைப் போட்டுப் பார்க்கலாம் என்று அழைத்தார். கூட்டம் அலைமோதியது. போன இடமெல்லாம் காய்கறி வீச்சு. வீசுவதற்காகவே ஆட்கள் வந்தார்கள்.

பிறகு ஒரு சிற்றூர்ப் பத்திரிகை அவர்களுடைய வயதையும் முகத்தையும் கை கால்களையும் குரலையும் விலங்குகளோடு சேர்த்து எழுதியது. தெ மாய்ன் நகரத்து ‘லீடர்’ அதை எடுத்து மறுபடி அச்சிட்டது. சகோதரிகளில் ஒருவரான ஆடி செர்ரி வழக்குத் தொடுத்தார். 1901-ல் அயோவா உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பளித்தது: மேடையேறிக் காசு வாங்குகிற எவரையும் விமர்சிக்கலாம், எள்ளியும் எழுதலாம், கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படாதவரை அது குற்றமாகாது. அமெரிக்கச் சட்டப் படிப்பில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு. விமர்சிக்கும் உரிமை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை, தீர்ப்பு சரி. ஆனால் அந்த விமர்சனத்தை வரிவரியாகப் படித்தேன். அவர்களுடைய பாட்டில் எந்த இடம் சரியில்லை, நாடகத்தில் என்ன குறை என்று அதில் உருப்படியாக ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் அவர்களுடைய உடம்பு.

ஐவரில் இளையவரான ஜெஸி 1903-ல் டைபாய்டு கண்டு இறந்தார். ஆட்டம் நின்றது. எஃபி 1924-லும் 1926-லும் சீடர் ராப்பிட்ஸ் மேயர் தேர்தலில் நின்றார், தோற்றார்.

பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்து மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தப் பத்து வருசத்துல, ‘இந்த இடத்துல சுருதி விலகுது, இப்படிப் பாடிப் பாருங்க’ன்னு ஒருத்தராவது சொல்லியிருப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். கரகம் ஆடிய பிள்ளையைப் பற்றி அப்போதுதான் அவளிடம் முதன்முறையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தெர்மாஸிலிருந்து டீயை ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வரி. கரகம் தலையில் அசையாமல் நின்றது, அது அருமை. ஆனால் கண் முழுநேரமும் தரையிலேயே இருந்தது, நையாண்டி மேளம் வேகம் பிடித்த இடத்தில் கால் பின்தங்கியது. இவ்வளவுதான். அன்றைக்கே எனக்குத் தெரிந்த விஷயம்.

நடுவராகப் போகிற ஆசிரியர்களுக்கும் கலைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இது. எண்களுக்குக் கீழே நாலு வரி எழுதுங்கள். எந்த இடம் நன்றாக இருந்தது, எந்த இடம் விலகியது என்று எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்ததையும் சபை ரசித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்தத் தாளை அமைப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்னால், ஆடிய பிள்ளையின் கையில் ஒரு பிரதி கொடுங்கள்.